லவ், மதாம், அப்லா: பதினோரு நாள், மூன்று ஊர்

மதுரையில் வீட்டை விட்டு இறங்கி முக்குக் கடைக்குப் போவதற்குள் எனக்கு மூன்று உறவு கிடைத்துவிடும். பூக்காரம்மாவுக்கு நான் அக்கா. ஆட்டோக்காரருக்கு அம்மா. பால் பூத்தில் நிற்கும் பையனுக்கு ஆன்ட்டி, இதில் மட்டும் எனக்குச் சம்மதம் கிடையாது. இவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

போன வருஷம் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகள், "சும்மா உக்காந்து சீரியல் பாக்காதீங்க சித்தி, கிளம்பி வாங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். லண்டன், பாரிஸ், இஸ்தான்புல். கடைசி ஊருக்கு வீட்டில் எதிர்ப்பு. 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் சண்டையில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால், இனி துருக்கிப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று வாட்ஸப்பில் எல்லோரும் சபதம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டிக்கெட்டை மார்ச்சிலேயே எடுத்துவிட்டிருந்தேன். அப்புறம் என்ன, போய்விட்டு வந்தாயிற்று.

திரும்பி வந்து குறிப்பேட்டைப் புரட்டினால் கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் ரெண்டு ரெண்டு வரிதான் ஒதுக்கியிருக்கிறேன். யார் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. சரி, இருக்கிறபடியே போடுகிறேன்.

அக்டோபர் 11, 2025, சனி. லண்டன்

வானம் துவைத்துக் காயாத வேட்டி மாதிரி இருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாலு நாளும் அப்படியேதான் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும். அங்கே லிஃப்ட் இல்லை. முப்பது படி, என் முழங்கால், ஊறுகாய்ப் பாட்டிலும் பருப்புப் பொடியுமாக 23 கிலோ பெட்டி. அக்கா மகள் இன்னொரு பெட்டியை மேலே வைத்துவிட்டு வருகிறேன் என்று ஏறிவிட்டாள். நான் முதல் படியில் கால் வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது பெட்டி என் கையை விட்டுத் தானாக எழுந்தது. கோட் போட்ட ஒரு ஆள், காதில் இயர்போன். ஒரு வார்த்தை இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேலே கொண்டுபோய் வைத்தார், தலையை இம்மியளவு ஆட்டினார், போயே போய்விட்டார். "ரொம்ப நன்றி தம்பி" என்று நான் சொல்லி முடிக்கும்போது அவர் முதுகும் தெரியவில்லை.

நல்லது செய்துவிட்டுத் திருடன் மாதிரி ஓடும் ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய், வாழைப்பூ, புடவைக் கடை, நகைக் கடை. மசால் தோசை 7 பவுண்ட். "118-ஆல பெருக்காதீங்க சித்தி, சாப்பாடு இறங்காது" என்றாள். பெருக்கிவிட்டேன். 826 ரூபாய். சட்னி காரமே இல்லை.

அக்டோபர் 13, திங்கள். லண்டன்

சுரங்க ரயிலில் நகரும் படிக்கட்டு. நான் நடுவில் நின்றேன். பின்னால் "சாரி" என்று ஒரு குரல். எனக்கு எதற்கு மன்னிப்பு என்று புரியாமல் திரும்பிச் சிரித்தேன். மறுபடி "சாரி". அக்கா மகள் என் முந்தானையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். வலப்பக்கம் நிற்க வேண்டுமாம், இடப்பக்கம் ஏறுபவர்களுக்கு. இந்த ஊரில் சாரி என்றால் "தள்ளி நில்" என்றும் அர்த்தம். "என்ன சொன்னீங்க" என்பதற்கும் அதுதான். என் காலை ஒருவர் மிதித்தபோது இரண்டு பேருமே சாரி சொன்னோம். ரெண்டே நாளில் எனக்கும் தொற்றிவிட்டது.

உலகத்தில் முதல் முதலாக மண்ணுக்கு அடியில் ரயில் விட்டது இந்த ஊர்தான். 1863, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை. நூற்று அறுபது வருஷமாக முழங்காலும் முழங்காலும் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து பழகியும், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமலிருக்கும் வித்தையை விடவில்லை. எல்லோரும் எதிராளியின் தலைக்கு மேலே இருக்கும் ரயில் வரைபடத்தையே படிக்கிறார்கள். தினமும் போகிறவர்களுக்கு அதில் என்ன புதிதாக இருக்கும்?

என் கால் வலியைப் பார்த்து அக்கா மகள் ஒரு நீல வட்ட பேட்ஜ் வாங்கி வைத்திருந்தாள். "எனக்கு உட்கார இடம் தாருங்கள்" என்று எழுதியிருக்கும். 2017 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்களாம். பார்த்தால் தெரியாத நோயோ வலியோ இருப்பவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கு அதற்கு முன்பே வேறொரு பேட்ஜ் இருக்கிறது. வாயைத் திறந்து "கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாப்பா" என்று கேட்பது அவ்வளவு கஷ்டம், அதனால் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் குத்திக்கொண்டு ஏறியதும் ஒரு இளம்பெண் சட்டென்று எழுந்து இடம் விட்டாள். வழக்கம்போல ஒரு பேச்சும் இல்லை. நம்மூர் பஸ்ஸில் "ஏம்மா, வயசானவங்க நிக்கிறாங்கல்ல" என்று நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால்தான் நடக்கும். அப்போதும் எழுந்திருக்கிறவர் முகம் நன்றாக இருக்காது.

பஸ் நல்லது. அப்போது 1.75 பவுண்ட், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. 2014-லிருந்து நோட்டு, சில்லறை எதுவும் வாங்குவதில்லை, அட்டையைத் தட்ட வேண்டும். நடத்துனரும் இல்லை, சில்லறைச் சண்டையும் இல்லை. மாடியில் முன் ஸீட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்த்ததுதான் லண்டனில் நான் செய்த உருப்படியான சுற்றுலா.

அக்டோபர் 14, செவ்வாய். லண்டன்

ஹாம்ப்ஸ்டெட் ஹீத். புல்மேடு, குளம், நாய்கள், தூரத்தில் ஊர். பெஞ்சுகளில் சின்னத் தகடுகள். இறந்துபோனவர் பெயர், வருஷம், இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்கிற மாதிரி ஒரு வரி. நான் உட்கார்ந்த பெஞ்சு ஒரு கணவன் மனைவியுடையது. வாழும்போது பக்கத்து ஸீட்காரரோடு பேச மாட்டார்கள். செத்த பிறகு முன்பின் தெரியாதவர்கள் வந்து மடியில் உட்காரட்டும் என்று இடம் போட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் வலி மறந்துபோயிற்று.

திரும்பும்போது சந்தைக் கடையில் பழம் வாங்கினேன். என் வயசுப் பெண், கையுறை கிழிந்திருந்தது. "தேர் யூ கோ, லவ்" என்றாள். லவ்வாம். அக்கா மகளைக் கேட்டேன். "அது எல்லாரையும் சொல்றது சித்தி, ரொம்ப சந்தோஷப்படாதீங்க." எல்லோரையும் சொன்னால் என்ன? பூக்காரம்மாவும் எல்லோரையும்தான் அக்கா என்கிறாள்.

அக்டோபர் 15, புதன். பாரிஸ்

கடலுக்கு அடியில் ரெண்டேகால் மணி நேர ரயில் என்று ஊரில் பீற்றிக்கொண்டிருந்தேன். கடலடியில் இருப்பது இருபது நிமிஷம்தான், அதுவும் ஜன்னலில் கருப்பு மட்டும்தான் தெரிந்தது.

அறைக்குக் கீழே ஒரு ரொட்டிக் கடை. காலையில் வாசனையே ஆளை இழுத்தது. போய் "ஒன் பகெத், ப்ளீஸ்" என்றேன், ஒரு விரலைக் காட்டி. கடைக்காரம்மா அசையவில்லை. என்னைப் பார்த்து, நிறுத்தி, "போன்ஜூர், மதாம்" என்றார். சரி வணக்கம் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு மறுபடி விரலைக் காட்டினேன். மறுபடி "போன்ஜூர், மதாம்". குரல் ஏறவில்லை, கோபமும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நான் செய்த அதே வேலை. "குட் மார்னிங் சொல்லிட்டு உள்ள வா." பின்னால் நாலு பேர் வரிசை. எனக்குக் காது சூடாகிவிட்டது. "போன்ஜூர், மதாம்" என்றேன். உடனே முகம் மலர்ந்து ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். 1.30 யூரோ.

ரொட்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பாரம்பரிய ரொட்டி என்று பெயர் போட்டு விற்பதானால் அதில் என்னென்ன சேரலாம் என்று 1993-ல் அரசாங்கமே ஆணை போட்டிருக்கிறது. அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பேற்ற ஈஸ்ட்டோ புளித்த மாவோ, அவ்வளவுதான். மேல் ஓடு முறுக்கு மாதிரி நொறுங்குகிறது, உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி. நடந்துகொண்டே முனையைக் கடிக்கலாம், அதை மட்டும் யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

அன்று முழுக்க போன்ஜூர் சொல்லிப் பார்த்தேன். மருந்துக் கடை, பஸ் டிரைவர், தபால் அட்டை விற்பவர். சொன்னால் கதவு திறக்கிறது. சொல்லாமல் விஷயத்துக்குப் போனால் நீங்கள் கண்ணுக்கே தெரிய மாட்டீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று கேள்விப்பட்டதில் பாதிக்குக் காரணம் இந்த ஒரு சொல்லை விட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதி உண்மையாக இருக்கலாம்.

அவர்களுக்கும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. முன்பின் தெரியாதவருக்கு நீங்கள்தான், அதோடு மதாம். வயசு கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. மரியாதை உண்டு, உறவு கிடையாது.

அக்டோபர் 16, வியாழன். பாரிஸ்

இன்றைக்குப் பட்டினி.

நோத்ரதாம் தேவாலய வரிசையில் நின்று உள்ளே போய் வந்தோம். 2019-ல் எரிந்து, 2024 டிசம்பரில்தான் திறந்திருக்கிறார்கள். எண்ணூறு வருஷக் கல் நேற்று வெள்ளையடித்த மாதிரி பளபளக்கிறது. பழமை என்றால் கருத்திருக்கும் என்று நினைத்துப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வெளியே வரும்போது மணி மூன்றரை. சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் திறந்திருந்தன, ஆட்கள் இருந்தார்கள், ஆனால் சாப்பாடு இல்லை. ரெண்டரைக்குச் சமையலறையை மூடினால் ராத்திரி ஏழுக்குத்தான் அடுப்பு. நான்கு கடையில் கேட்டோம். ஒழுங்காக போன்ஜூர் சொல்லித்தான் கேட்டோம். நாலாவது ஆள், "மதாம், இது சாப்பிடும் நேரம் இல்லையே" என்று வருத்தத்தோடு சொன்னார். என் பசிக்கு நேரம் தெரியவில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். ஒரு காபி குடித்தோம், தெருவோர நாற்காலியில், 4.50. அங்கே நாற்காலிகளை எதிரெதிரே போடுவதில்லை. எல்லாம் தெருவைப் பார்த்துத்தான், நம்மூர்த் திண்ணையில் உட்கார்வது மாதிரி. ஊரே தெருவைப் பார்த்து விமர்சித்துக்கொண்டிருக்கிறது. என் புடவைக்கும் கேன்வாஸ் ஷூவுக்கும் பொருத்தம் இல்லை என்பதை எதிர்ப்பட்ட மூன்று பெண்கள் கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு அக்கா மகளுக்குத்தான் ஞாபகம் வந்தது. மெட்ரோ ஏறி லா ஷப்பல். அப்போது 2.50 யூரோ டிக்கெட்.

வெளியே வந்ததும் காதில் விழுந்தது தமிழ். யாழ்ப்பாணத் தமிழ். லாச்சப்பல் என்பார்கள். தெருவில் தீபாவளிக்கு இனிப்பு அடுக்கியிருந்தார்கள். கொத்து ரொட்டிச் சத்தம் நூறடி முன்னாலேயே கேட்டது. கடைக்காரர், "வாங்கோ அக்கா, இருங்கோ. இந்தியாவோ, எவடம்?" என்றார். மதுரை என்றேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு ஒருமுறை வந்திருக்கிறாராம். கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு விட்டார். ஆறு நாளில் முதல் அக்கா. எனக்குக் கண் கலங்கியது கொத்தின் காரத்தால்தான் என்று அக்கா மகளிடம் சொன்னேன்.

அப்போது ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். அதே கடைக்காரர் முதுகை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, "போன்ஜூர் முஸ்யூ" என்றார். அவரும் போன்ஜூர் சொல்லும் வரை கரண்டியை எடுக்கவில்லை. ரொட்டிக் கடை அம்மா செய்தது அச்சாக அதேதான். அவர் போனதும் தோள் இறங்கி, "இன்னும் கொஞ்சம் போடட்டோ அக்கா?"

அக்டோபர் 17, வெள்ளி. பாரிஸ்

நடந்தோம், நடந்தோம். ஓஸ்மான் என்பவர் 1853-லிருந்து பதினேழு வருஷம் இந்த ஊரை இடித்து நேர் நேராகத் தெரு போட்டிருக்கிறார். அதனால் வீடுகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் கூரை. அழகுதான். ஆனால் எந்த முக்கில் நின்றாலும் ஏற்கெனவே நின்ற முக்கு மாதிரி இருந்ததால் ரெண்டு தடவை வழி தப்பியது.

தெருவில் பச்சை நிற இரும்புக் குடிநீர்க் குழாய்கள், நாலு பெண் சிலைகள் தலையில் கூரையைத் தாங்கியிருக்கும். 1872-லிருந்து இருக்கின்றன. வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் காசில் வைத்துக் கொடுத்தது. தண்ணீர்ப் பந்தல்! யாரிடமும் வாய் திறக்காமல் உதவி செய்துவிட்டுப் போவது அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதே வழக்கம்போல. பாட்டிலை நிரப்பிக்கொண்டோம்.

லூவ்ர் மியூசியம் டிக்கெட் அப்போது 22 யூரோ. கால் வலி வேறு. வெளியே கண்ணாடிப் பிரமிடைப் பார்த்ததோடு சரி. நகை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 18, சனி. இஸ்தான்புல்

விமானத்திலிருந்து இறங்கி ஊருக்குள் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நின்றோம், போன் வழி காட்ட மறுத்தது. அரை நிமிஷம் ஆகியிருக்காது. "அப்லா! அப்லா!" என்று ஒருவர் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தார். ஓட்டல் பெயரைக் காட்டினோம். அவருக்குத் தெரியவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் பழக்கடைக்காரரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ திண்டுக்கல் ரோட்டில் இறங்கின மாதிரி இருந்தது.

அப்லா என்றால் அக்கா. அபி என்றால் அண்ணன். சித்திக்கும் அத்தைக்கும்கூடத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். வெளிப் பெண்களை அப்லா, வயசானால் தேய்ஸே, அதாவது அம்மாவின் கூடப் பிறந்தவள்.

அக்டோபர் 19, ஞாயிறு. இஸ்தான்புல்

ஹாகியா சோபியாவுக்கு வெளிநாட்டார் 25 யூரோ கட்ட வேண்டியிருந்தது. சுலைமானியே மசூதிக்குக் காசு இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. குன்றின் மேல், காற்றும் வெளிச்சமும். தரை விரிப்பில் கால் நீட்டாமல் உட்கார்ந்தேன், ரொம்ப நேரம்.

எதிர் வரிசை முழுக்க மொச்சைக் கடை. குரு ஃபசூல்யே என்கிறார்கள். மொச்சை மாதிரி வெள்ளை பீன்ஸ், தக்காளிக் குழம்பு, பக்கத்தில் வெண்ணெய்ச் சோறு. கடைசியில் பச்சை மிளகாய் கடித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். நாடு நாடாகத் தேடியது இங்கே கிடைத்தது. விலைப்பட்டியலில் விலை மேல் ஸ்டிக்கர், அந்த ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர். நான் நகத்தால் கிளறிப் பார்த்தேன், மூன்று தட்டு இருந்தது. விலைவாசியைப் பற்றிப் பத்திரிகை படிக்கத் தேவையில்லை.

அந்தக் கடை டிவியில்தான் பார்த்தோம், லூவ்ரில் காலையில் கொள்ளை. ஏணி வண்டி வைத்து ஏறி, சில நிமிஷத்தில் அரச நகைகளோடு போய்விட்டார்களாம். அக்கா மகள் என்னையே பார்த்தாள். நான் மொச்சையைப் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு தெருவில் இன்னொரு அப்லா. கனிவான குரல். எங்கிருந்து வருகிறீர்கள், இந்தியாவா, ஷாருக் கான், உட்காருங்கள், டீ. துலிப் பூ மாதிரி இடுங்கிய கண்ணாடிக் குவளையில் சிவப்பு டீ. இரண்டாவது டீ வரும்போது ஏழாவது கம்பளத்தை விரித்துக்கொண்டிருந்தார். மீனாட்சி கோயில் வாசலில் டெய்லர் கடைக்காரர்கள் வெள்ளைக்காரர்களைப் பிடிப்பதை முப்பது வருஷம் பார்த்தவள் நான். எனக்கே இந்தக் கதி. ஒரு தலையணை உறையோடு தப்பித்தோம்.

மாலையில் எமினோனுவிலிருந்து காதிகோய்க்குப் படகு. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு இருபது நிமிஷம். பக்கத்தில் ஒரு பாட்டி, தலையில் துணி, மடியில் ஆரஞ்சுப் பை. ஒன்றை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார், மீதியை அக்கா மகளுக்கு. என் முழங்காலைக் காட்டி ஏதோ கேட்டார். வலி என்று முகத்தைச் சுளித்துக் காட்டினேன். "கெச்மிஷ் ஓல்ஸுன்" என்றார். கடந்து போகட்டும் என்று அர்த்தம், நோய்ப்பட்டவர்களிடம் சொல்வது என்று அக்கா மகள் போனில் பார்த்துச் சொன்னாள்.

நான் உருகிப்போய், மூன்று ஊரில் இதுதான் மனுஷன் வாழும் ஊர் என்றேன்.

"எனக்கு லண்டன்தான் சித்தி" என்றாள். "மதுரைல நான் மாடி ஏறதுக்குள்ள அஞ்சு பேருக்குப் பதில் சொல்லணும். ஏன் லேட்டு, எப்ப கல்யாணம், ஏன் மெலிஞ்சிட்ட. அக்கான்னு கூப்பிடறவங்க எல்லாருக்கும் என்னைக் கேக்க உரிமை வந்துடுது. அங்க யாரும் என்னை ஒண்ணும் கூப்பிடறதில்ல. நாலு வருஷமா நிம்மதியா இருக்கேன்."

அந்த அஞ்சு பேரில் நானும் உண்டு. ஆரஞ்சைத் தின்றுகொண்டே கரை வரை பேசாமல் வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள். இஸ்தான்புல், தீபாவளி

எண்ணெய்க் குளியல் இல்லை. அறையிலேயே தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு உச்சியில் வைத்து அக்கா மகளுக்கும் வைத்துவிட்டேன்.

காரகோயிலிருந்து துனெல் ஏறினோம். மலை மேல் ஏறும் சுரங்க ரயில், 573 மீட்டர், ஒன்றரை நிமிஷம். 1875-ல் திறந்தது, லண்டனுக்கு அடுத்து உலகத்திலேயே பழையது. பாரிஸ்காரர்கள் 1900-ல்தான் ஆரம்பித்தார்கள். இந்த ஒன்றரை நிமிஷத்திலும் எதிர் ஸீட்டுப் பெண் எங்கே வாங்கினாய் என்று என் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

மேலே இறங்கி, கலாட்டா கோபுரம் பக்கம் இசைக்கருவிக் கடைகள் இருக்கும் சரிவில் நடந்தோம். கல் பாவிய தெரு, காலையில் யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். சறுக்கி அப்படியே உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்ததற்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நரம்புக் கருவி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் அதை வைத்துவிட்டு முக்காலியோடு வந்தார். இரண்டு கைகள் என்னைத் தூக்கி அதில் வைத்தன. யாரோ உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலொன்யா என்ற வாசனைத் தண்ணீரை ஊற்றினார்கள், முகர்ந்துகொள்ள. தண்ணீர் வந்தது, டீ வந்தது. ஒரு பூனை வந்து என் பையின் மேல் படுத்துக்கொண்டது. கெச்மிஷ் ஓல்ஸுன், கெச்மிஷ் ஓல்ஸுன் என்று நாலு பக்கமும். மாடி ஜன்னலிலிருந்து ஒரு அம்மா என் ஷூவைக் காட்டித் திட்டினார். சந்தேகமே இல்லை, திட்டுதான். தேய்ந்த அடியைப் பார், இதைப் போட்டுக்கொண்டா இந்தச் சரிவில் வருவது என்கிற மாதிரி. பாரிஸில் இதே ஷூவைப் பார்த்துவிட்டுப் போனார்கள், லண்டனில் பார்க்கவே இல்லை.

அக்கா மகள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, விழறதுன்னா இங்க விழலாம்" என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய். கிளம்பும் நாள்

முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் களிம்பு. நொண்டிக்கொண்டு சாலை முனைக்கு வந்து சிமித் வண்டியில் ரெண்டு வாங்கினேன், எள் ஒட்டிய வளைய ரொட்டி. வண்டிக்காரப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். என் நடையைப் பார்த்துவிட்டு "புயுருன் தேய்ஸே" என்றான். புயுருன் என்றால் "இந்தாங்க".

மூன்று நாள் அக்காவாக இருந்தவள் ஒரே விழுதலில் பெரியம்மா ஆகிவிட்டேன். விரலை ஆட்டி, "தேய்ஸே இல்லை, அப்லா" என்றேன், துருக்கியும் தமிழும் கலந்து. அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து, "அப்லா" என்று திருத்திச் சொன்னான்.

விலை மட்டும் அதே 20 லிரா.